வாத்துக் குஞ்சு செத்தா கேட்க நாதியில்லையா?

 

பழவேற்காடு ஏரியில் இறாலும் மடவையும் குறைஞ்ச நாளில் நம்மில் பல வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது எது? அறுப்பு முடிஞ்ச கழனியில் மேயுற வாத்துதான். அதுக்கும் கடன் வாங்கித்தான் குஞ்சு இறக்குறோம். சாயந்திரம் ஓடியாடின குஞ்சு, விடியும்போது தலையைப் பின்னால் வளைச்சு, காலை உதைச்சுச் செத்துக் கிடக்குது. கேட்டால், "வெயில் தாங்கலை, தீனி சரியில்லை" என்று கைகழுவுறாங்க. அறுத்துப் பார்க்காமலே எப்படித் தெரிஞ்சுது?

மூணு வாரத்துக்குள்ளான குஞ்சுகளைச் சில மணி நேரத்தில் கொல்லுற ஈரல் நோய் ஒன்று உண்டு. அது வைரஸ் நோய். 1949-லேயே அமெரிக்காவின் லாங் ஐலண்ட் பண்ணைகளில் அடையாளம் கண்டாங்க. இன்னொன்று வாத்து பிளேக். குஞ்சு, பெரிசு எதையும் விடாது. கண் வீங்கி ஒட்டிக்கும், தண்ணியாகக் கழியும். தண்ணி வழியாகவே மந்தைக்கு மந்தை தாவும். வந்தபிறகு மருந்து இல்லை. ஆனால் பிளேக்குக்குத் தடுப்பூசி இருக்கு. ராணிப்பேட்டையில் 1932 முதல் அரசின் தடுப்பு மருந்து நிலையம் நடக்குது. மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே இருக்கு. இத்தனை பக்கத்தில் இருந்தும் நம்ம குஞ்சு ஏன் சாகணும்?

ஊசி மருந்தை ஐஸில் வைக்கணும், குப்பியைக் கரைச்சா உடனே போட்டு முடிக்கணும். இருபது வாத்து வச்சிருக்கிறவர் தனியாக ஒரு குப்பி வாங்க முடியாது. ஊரே சேர்ந்தால் முடியும். மீனுக்கு ஐஸ் பெட்டி வச்சிருக்கிற ஊரில் ஊசிக்கு ஐஸ் கிடைக்காதா?

நம்ம பக்கத் தப்பையும் ஒத்துக்கணும். செத்த குஞ்சை ஏரியிலும் கால்வாயிலும் வீசுறோம். அது அடுத்தவர் வாத்துக்கு எமன். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்போம். புதுசா வாங்கின குஞ்சைப் பழைய மந்தையோட சேர்க்காமல் ரெண்டு வாரம் தனியாக வைப்போம்.

கேரளத்தில் 2021-ல் பறவைக் காய்ச்சலுக்காக வாத்துகளை அழிச்சபோது, ரெண்டு மாசத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், குஞ்சுக்கு 100 ரூபாய் என்று அரசு கொடுத்தது. நோய் வேறாக இருக்கலாம். கடன் பட்ட குடும்பத்தின் வயிறு ஒன்றுதானே?

நாம் கேட்பது:

1. ஊருக்கு ஊர் முகாம் போட்டு, உரிய வயசில் இலவசத் தடுப்பூசி.
2. கூட்டமாகச் செத்தால் உடனே பரிசோதனை, முடிவு எழுத்து மூலம்.
3. நோயில் செத்த வாத்துக்கும் நஷ்டஈடு.
4. வாத்துக் கடனுக்குக் காப்பீடு.

பிச்சை கேட்கவில்லை, உரிமை கேட்கிறோம்! செத்த குஞ்சின் கணக்கை எழுதி எடுத்துக்கிட்டு, குடும்பத்தோடு போராட்டத்துக்கு வாங்க!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

— செயலாளர், விவசாயிகள் சங்கம்