போக்கரில் தேர்ச்சி

சீட்டாட்டம் என்றவுடன் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அவர்களோடு வழக்காட நாம் வரவில்லை. ஓசூர்த் தொழிற்சாலைகளில் முறைவேலை முடித்து அறைக்குத் திரும்பும் இளைஞரும், கிருஷ்ணகிரியிலிருந்து படிக்க வந்துள்ள மாணவரும் போக்கரை முன்னமே அறிவர். ஆதலின் அவ்வாட்டத்தில் தேர்ச்சி என்பது யாது என்று ஆராய்வதே தக்கது.

தேர்ச்சி உண்டு என்பதில் ஐயமில்லை. கையில் இரண்டு சீட்டு, மேசைமேல் பொதுவாக நான்கு. இவ்வாறில் நான்கு ஆர்ட்டின் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் விழவேண்டியது ஒரே சீட்டு. அது ஆர்ட்டினாயின் வெற்றி நமது, அன்றேல் தோல்வி. நாம் காணாத 46 சீட்டுகளில் ஆர்ட்டின் 9. எதிரி தம் கடைசிப் பணத்தையும் வைத்துவிட்டார். நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. தொடர்வதற்கு நாம் 25 ரூபாய் வைக்கவேண்டும். கற்றுக்குட்டி சிவப்பைக் கண்டு மயங்கி வைத்துவிடுவான். தேர்ந்தவனோ, 46 தடவையில் 9 தடவை வென்று 900 ரூபாய் வரும், 37 தடவை தோற்று 925 ரூபாய் போகும் என்று கணக்கிட்டுச் சீட்டைக் கவிழ்த்துவிடுவான். இவ்வாறு கவிழ்ப்பதே இவ்வித்தையின் பெரும்பகுதி. எதிரியின் பந்தயத்தைக் கொண்டு அவர் கையை உய்த்துணர்தல் எஞ்சிய பகுதி. அதற்கு ஆண்டுகள் செல்லும்.

2013இல் கர்நாடக உயர் நீதிமன்றமும், 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் போக்கரைத் திறமையாட்டம் என்றே கொண்டன. 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமின்றித் தடைசெய்தது.

இங்கேதான் நம் தம்பியர் மயங்குகின்றனர். திறமையுடையதென்று நீதிமன்றம் கூறியது ஆட்டத்தை, ஆடுவோனையன்று. ஜூஜூவாடி எல்லை கடந்து பெங்களூர் மன்றமொன்றில் சம்பளப் பணத்தோடு அமர்பவன், அத்தீர்ப்பைத் தனக்கு வழங்கிய நற்சான்றாக எண்ணிவிடுகிறான். ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராஜாஜி, 'வியாசர் விருந்து' எழுதியபோது சூதாட்டக் கதையையும் கூறவேண்டியதாயிற்று. தருமருக்கு ஆசை இருந்தது. தேர்ச்சி சகுனியிடம் இருந்தது.

மேலும், போக்கர் மேசையில் பணம் விளைவதில்லை, கைமாறுகிறது. நடத்துவோர் கட்டணம் எடுத்துக்கொண்டால், சமதிறமையுள்ள அறுவரும் நாளடைவில் தோற்பர். வெல்லவேண்டுமாயின், அக்கட்டணத்தையும் ஈடுசெய்யுமளவு நம்மினும் மெலியாரைத் தேடி அமரவேண்டும். அம்மெலியார் பெரும்பாலும் நம்மைப்போன்ற மற்றொரு சம்பளக்காரரே. இவ்வொன்றே பணம் வைத்தாடுதலை நாம் வெறுப்பதற்குப் போதுமான காரணம்.

காசில்லாவிடில் எவரும் சீட்டைக் கவிழ்க்கமாட்டார், ஆட்டம் சப்பென்றிருக்கும் என்று நண்பர் மறுப்பர். அதில் உண்மை உண்டு. எனினும் ஆளுக்கு நூறு புளியங்கொட்டை கொடுத்து, அவற்றையே பருவம் முழுவதும் வைத்தாடவேண்டும், இழந்தால் வேறு கிடையாது என்று விதித்து, ஒவ்வொரு மாலையின் கணக்கையும் ஏட்டில் எழுதிவரட்டும். கிருஷ்ணகிரியில் புளிக்குப் பஞ்சமில்லை.