ஆறாம் மாதமும் ஆயிரம் பீடியும்

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களிலே, அருவிக்கு வருகிற குடும்பங்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டப்பியிலிருந்து பொடி எடுத்துக் கரைத்து ஊட்டுவதை நாம் பார்க்கிறோம். அதே தென்காசி ஜில்லாவில் கடையத்திலும் ஆலங்குளத்திலும் புளியங்குடியிலும் தாய்மாருடைய மடியிலே குழந்தைக்கு இடமில்லை. அங்கே பீடித்தட்டு இருக்கிறது. குழந்தை பாயில் கிடந்து அழுகிறது.

பிள்ளைக்குச் சோறூட்டுவதெல்லாம் கட்சிப் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். கூலியும் வேலை நேரமும் எங்கே போய்த் தைக்கின்றன என்று தேடிக்கொண்டு போனால், கடைசியில் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் நிறைகிற வரையில் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு பால் மட்டும் போதாது. முக்கியமாக இரும்புச் சத்து போதாது. இரண்டு வயது வரையாவது பாலையும் கொடுத்துக்கொண்டு, கூடவே வேறு ஆகாரம் பழக்க வேண்டும். எட்டு மாதம் வரை நாளைக்கு 2, 3 வேளை. ஒன்பதாம் மாதத்திலிருந்து 3, 4 வேளை. உலக சுகாதார ஸ்தாபனமும் இதைத்தான் சொல்கிறது, கிராமத்து நர்ஸும் இதைத்தான் சொல்கிறார்.

என்ன கொடுப்பது? குழைய வெந்த சோறும் பருப்பும், மேலே சிறிது எண்ணெய், கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், முருங்கைக் கீரை, அவித்த முட்டை. செங்கோட்டைக்கு மேற்கே மலையாளத்தார் நேந்திரங்காயை உலர்த்திப் பொடித்துக் காய்ச்சி ஊட்டுகிறார்கள். நம் பக்கத்தில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. கஞ்சியை நீர்க்க வைக்கிறார்கள். குழந்தையின் வயிறு மிகச் சிறியது. நீர்த்த கஞ்சியால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். உடம்பில் ஒன்றும் சேராது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும். ஒரு வயது வரை தேன் கூடாது. பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் கூடாது.

ஆனால் கெட்டியான ஆகாரம் ஊட்ட நேரம் பிடிக்கும். குழந்தை துப்பும், முகத்தைத் திருப்பும், கையால் தட்டிவிடும். ஒரு வேளைக்கு அரை மணி என்றால் மூன்று வேளைக்கு ஒன்றரை மணி. பத்து மணி நேரத்தில் 1000 பீடி சுற்றுகிற கைக்கு அது 150 பீடி. போதாக்குறைக்கு அந்தக் கையெல்லாம் புகையிலைத் தூள். ஒவ்வொரு வேளையும் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் பிள்ளையைத் தொடலாம். ஆகவே என்ன நடக்கிறது? டீயில் நனைத்த ரொட்டி ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, தாய் அடுத்த இலையை எடுக்கிறாள்.

தாய்மாருக்கு அறிவு போதாது என்று மேடையிலே பேசுகிறவர்கள் உண்டு. புளியங்குடிப் பக்கத்தில் ஒரு பெண் நம்மிடம் சொன்னாள்: "எல்லாம் தெரியும் அண்ணாச்சி. நர்சம்மா சொல்லத்தான் செய்தாக. நேரத்தை யாரு தருவா?"

2019-21 தேசிய குடும்ப நல சர்வேயின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய ஆகாரம் பெறுவோர் 100க்கு 11 பேர்தான். தமிழ்நாட்டிலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்த சோகை. நூற்றுக்கு எண்பத்தொன்பது தாய்மாரும் அறியாதவர்களா?

மில் வேலைக்குப் போகிற பெண்ணின் கதையைப் பாருங்கள். 2017ல் பேறுகால லீவு 26 வாரமாயிற்று. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். 26 வாரம் என்றால் ஆறு மாதம். பிள்ளை சோற்றுக்கு வாய் திறக்கிற வாரத்தில் தாயை மில் சங்கு கூப்பிடுகிறது! 50 பேர் உள்ள இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்கிறது சட்டம். பீடிக்காரியின் திண்ணையிலே 50 பேர் ஏது? 1966ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவளுக்கும் பேறுகால உரிமை உண்டு என்றது. ஆனால் கம்பெனிப் புத்தகத்தில் பெயர் ஏறாதவளுக்கு அது காகிதத்தோடு சரி. நாற்று நடுகிற, களை பறிக்கிற பெண்ணுக்கோ லீவு என்ற பேச்சே இல்லை.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல காரியமும் செய்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை சத்துமாவு வீட்டுக்குக் கிடைக்கிறது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது நாளைக்கு 500 கலோரி தர வேண்டும். ஆனால் நம் ஊர் அங்கன்வாடிகளில் இரண்டு வயதுப் பிள்ளையைத்தான் சேர்க்கிறார்கள். ஏழு மாதப் பிள்ளைக்கு மாவு உண்டு, உட்கார இடமில்லை, ஊட்ட ஆளில்லை. வீட்டுக்கு வந்த மாவையும் மூத்த பிள்ளைகள் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பசித்த வீட்டில் அதைத் தவறு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இந்த நேரமின்மையில்தான் டப்பிக் கம்பெனிக்காரன் நுழைகிறான். குழந்தை உணவுக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்து, 2003ல் மேலும் இறுக்கியது. ஆயினும் டப்பி விற்கிறது. 2024 ஏப்ரலில் ஸ்விட்ஜர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. நெஸ்லே இந்தியாவில் விற்ற செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாகச் சுமார் 3 கிராம் சர்க்கரை சேர்த்திருந்தது. தன் சொந்த நாட்டில் சேர்க்கவில்லை. சட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது என்றது கம்பெனி. பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளையும் கொண்டுவந்தது. அறிக்கை வந்த பிறகுதான் கொண்டுவந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆறு மாதப் பிள்ளைகளைச் சேர்க்கிற காப்பகம் ஒவ்வொரு பீடி ஊரிலும், நடவு நாட்களில் ஒவ்வொரு வயலோரக் கிராமத்திலும் வேண்டும். அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்க்கும் 'பால்னா' திட்டத்தை மத்திய சர்க்கார் 2022ல் அறிவித்தது. அதை நம் ஊருக்குக் கொண்டுவா என்று கிராம சபையில் கேட்போம். பீடி ரேட்டுப் பேசும்போது, ஊட்டுகிற நேரத்தையும் கூலிக் கணக்கில் வைத்துப் பேசுவோம்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டு மணி நேர வேலைக்காகக் கொடி பிடித்தவர்கள் நாம். வீட்டிலே தாய்க்கு எத்தனை மணி நேரம் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? கிண்ணத்தையும் கரண்டியையும் தொட்டால் மீசை உதிர்ந்துவிடாது. இதை எழுதுகிற நாமும் அந்த விஷயத்தில் சுத்தமில்லை. நம் பிள்ளைகள் வளர்ந்ததை நாம் கூட்டம் முடிந்து நள்ளிரவில்தான் பார்த்தோம்.

அந்தப் புளியங்குடிப் பெண்ணின் கணவர் சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறார். இரவு ஷிப்டு முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு வருகிறார். காலை வேளை அவர் பொறுப்பு என்று இருவரும் இப்போது பேசி வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டு வேளைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.