இருநூறு உணவுப் பட்டியலும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

பதிவு கொஞ்சம் நீளம்.

கொஞ்ச நாளாக ஒரே மாதிரி ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை எனக்கு அனுப்பி, "சார், இதில் எதைச் சாப்பிடலாம்?" என்று கேட்கிறீர்கள். இருநூறு உணவுகள், பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை. விலை பல ஆயிரம். அனுப்பியவர்களில் ஒருவர் பட்டு நெய்கிறவர். அவருக்கு அரிசி, உளுந்து, துவரை, பால் எல்லாமே சிவப்பு. வீட்டில் ஒன்பது வயதுப் பையனுக்கும் சேர்த்து இட்லியை நிறுத்திவிட்டார்கள். பையன் இளைத்துவிட்டான். என் கோபம் அதனால்தான்.

அந்தப் பரிசோதனை ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கிறது. ஓர் உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம். ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அல்ல. நன்றாக இருப்பவர்களுக்கும் அது இருக்கும். தினமும் இட்லி தின்கிற ஊரில் அரிசியும் உளுந்தும் சிவப்பாக வருவதில் என்ன அதிசயம்? ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லும், கனடா நாட்டு அமைப்பு 2012-லும் இதற்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிவிட்டன. இங்கே இன்னும் விற்கிறார்கள்.

நெசவுக்காரரிடம் நோட்டு எழுதச் சொன்னேன். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு எப்போது என்ன செய்தது, தூக்கம், மாத்திரை. இரண்டு வாரம். இட்லிமேல் பழி போட்டவர், தறியில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு ஆறு பால் டீ குடிப்பதைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே வைக்கவில்லை! பாலை மட்டும் நிறுத்தினார், உப்புசம் அடங்கியது. மறுபடி குடித்தார், வந்தது. தயிர் ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் உறை ஊற்றும்போது பால் சர்க்கரையில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. 1981-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட தென்னிந்தியர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பால் சர்க்கரை செரிக்கவில்லை. பெரிய ரகசியம் ஒன்றுமில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்று ஆய்வகத்தில் உங்களிடம் கத்தியது நினைவிருக்கிறதா? முப்பது உணவை ஒன்றாக நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. நிறுத்தியதைத் திரும்பச் சாப்பிட்டும் பார்க்க வேண்டும். அந்தப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறீர்கள்.

"இட்லி" என்று மொட்டையாகவும் எழுதாதீர்கள். நம் ஊர்க் குடலை இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் எல்லாம் உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

நோட்டு எல்லாவற்றுக்கும் போதாது. உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கோதுமைமேல் சந்தேகம் என்றால், நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சீலியாக் நோய்க்கான பரிசோதனை கேளுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். எடை குறைந்தாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் டாக்டர்தான். வளரும் பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் எந்த உணவையும் நிறுத்தாதீர்கள்.

என்னிடம் படித்தவர்களில் டாக்டர்களும் லேப் நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். ஒரு கேள்வி: அந்த இருநூறு பொருள் அறிக்கையை உங்கள் சொந்தப் பிள்ளைக்கு எடுத்து, அதன்படி சோற்றை நிறுத்துவீர்களா? கீழே பெயரோடு பதில் எழுதுங்கள்.