எலியாவுக்குக் கிடைத்த அடை

ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், இளம் தாய்மாரிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "பைபிளைத் திறந்து எத்தனையோ நாளாச்சு. பிள்ளையளுக்குப் பின்னால ஓடவே நேரம் போகுது. எனக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சுதோ தெரியேல்ல."

இந்த முறை அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாசிக்கிற எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை என்று தெரியும். கோயிலுக்குப் போகிற அம்மாமாருக்கும் இதே களைப்பும் இதே குற்ற உணர்ச்சியும் இருக்கின்றன. ஆகவே நீங்களும் வாசியுங்கோ.

நம்மில் பலருக்கு விசுவாசத்தின் அளவுகோல் அம்மம்மாதான். விடிய நாலரைக்கு எழும்பி ஜெபம் பண்ணி, பிறகு அடுப்பு மூட்டி, ஆறேழு பிள்ளைகளை வளர்த்த மனுஷி. "அவவுக்கு ஏலுமெண்டால் எனக்கு ஏன் ஏலாது?" என்று மனம் கேட்கும். அவவுக்கு விசுவாசம் இருந்தது உண்மை. அதோடு அயலும் இருந்தது. பிள்ளையைத் தூக்கப் பக்கத்து வீட்டு மாமி, தலை இழுத்துவிடச் சின்னம்மா, காய்ச்சல் என்றால் கொத்தமல்லித் தண்ணியோடு வருகிற பெரியம்மா. இங்கே? காலையில் நர்சரி, ஒன்பது மணிக்கு மீற்றிங், பின்னேரம் நர்சரி பூட்டுவதற்குள் ஓட்டம். ஓர் ஊர் சேர்ந்து செய்த வேலையை இரண்டு பேர் செய்கிறோம். சில வீடுகளில் ஒருத்தர். அதில் வருகிற களைப்புக்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

வேதாகமத்தில் களைத்துப்போனவர்களுக்குக் கடவுள் என்ன செய்தார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுங்கோ. கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட எலியா, யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், சாகவேண்டும் என்று கேட்கிறார். பிறகு அப்படியே நித்திரையாகிவிடுகிறார்.

அப்போது வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. "உன்ர விசுவாசம் எங்க போச்சு?" என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தணலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். எலியா சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்தார். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாந்தரமும் சாப்பாடுதான். பயணம் தூரம், உனக்கு இது தேவை என்பதுதான் தூதன் சொன்ன காரணம். ஓரேப் மலையில் கடவுள் எலியாவோடு கதைத்தது அதற்குப் பிறகு, 40 நாள் நடந்த பிறகு.

இந்த வரிசையைக் கவனியுங்கோ. முதலில் நித்திரையும் சாப்பாடும். அதற்குப் பிறகுதான் பேச்சு. இரவு மூன்று தரம் எழும்பிப் பால் கொடுத்த தாய், விடிய ஜெபிக்காமல் இன்னும் அரை மணித்தியாலம் படுத்தால், அந்த நித்திரையும் கடவுள் கொடுக்கிற அடைதான்.

சரி, படுத்து எழும்பினாலும் நாளைக்கும் அதே வேலைதானே? அங்கேதான் எனக்கு சுசானா வெஸ்லி நினைவுக்கு வருவார். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த குடும்பங்களுக்கு அவருடைய மகன் ஜோன் வெஸ்லியின் பெயர் பழக்கமானது. மெதடிஸ்த ஊழியர்கள் இலங்கைக்கு வந்தது 1814இல். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், இங்கிலாந்தின் எப்வர்த் என்ற சின்ன ஊரில் சுசானா பிள்ளை வளர்த்தார். பெற்றது 19 பிள்ளைகள். அவர்களில் ஒன்பது பேர் கைக்குழந்தையிலேயே இறந்துபோனார்கள். போதகரான கணவர் 1705இல் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1709இல் வீடு எரிந்தது. ஐந்து வயது ஜோனை மாடி ஜன்னல் வழியாகத்தான் மீட்டார்கள்.

இப்படிப்பட்டவர் பெலன் வேண்டி என்ன செய்தார்? சமையல் ஏப்ரனைத் தலைக்கு மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெபிப்பார், அந்த நேரம் பிள்ளைகள் குழப்பமாட்டார்கள் என்று வழிவழியாக ஒரு கதை சொல்லுவார்கள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்த நம்முடைய அம்மாமாருக்கு இது புதுசில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 1712இல் கணவருக்கு அவரே எழுதிய ஒரு கடிதம். ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகக் கதைக்க வாரத்தில் ஓர் இரவை ஒதுக்கியிருப்பதாகச் சொல்கிறார். அப்போது வீட்டில் எட்டுப் பிள்ளைகள், வாரத்துக்கு ஏழு இரவுகள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பேர். ஜோனுக்கு வியாழக்கிழமை. பல வருடங்களுக்குப் பிறகு, ஒக்ஸ்போர்டில் இருந்த காலத்தில், அந்த வியாழக்கிழமை நேரத்தில் கொஞ்சத்தைத் தனக்காகத் திரும்பவும் தரமுடியுமா என்று ஜோன் தாய்க்குக் கடிதம் எழுதினார்.

சுசானாவின் எல்லா முறைகளையும் நாம் எடுக்கத் தேவையில்லை. பிரம்புக்குப் பயப்படப் பழக்கியதும் அவர்தான். ஆனால் இந்த ஒழுங்கில் ஒரு விடுதலை இருக்கிறது. திங்கட்கிழமை இரவு எட்டுப் பேருக்கும் எல்லாமாக இருக்க அவர் முயலவில்லை. அன்றைக்கு ஒரு பிள்ளை. மற்றவர்களுக்கு அவர்களுடைய நாள் வரும். விசுவாசம் எனக்குத் தருகிற பெலனும் இதே மாதிரித்தான். இன்றைக்கு வேண்டியது இன்றைக்குக் கிடைக்கும். வனாந்தரத்தில் மன்னாவை அடுத்த நாளுக்கு என்று சேர்த்து வைத்தவர்களுக்குப் புழுதான் மிஞ்சியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எல்லாக் களைப்பும் நித்திரையோடு போகாது. குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் பத்துத் தாய்மாரில் ஒருவருக்கும் மேல் மனச்சோர்வு நோய் வருகிறது என்று பிரித்தானிய என்.எச்.எஸ். சொல்கிறது. இரண்டு கிழமைக்கு மேல் அழுகை நிற்கவில்லை, பிள்ளையில் மனம் ஒட்டவில்லை என்றால் ஜி.பி.யிடமோ ஹெல்த் விசிட்டரிடமோ சொல்லுங்கோ. செத்தால் நல்லது என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் பொறுக்கவேண்டாம், அன்றைக்கே உதவி கேளுங்கோ. அந்த நினைப்பு எலியாவுக்கும் வந்தது. மருந்து எடுப்பது அவிசுவாசம் இல்லை. லூக்கா ஒரு வைத்தியர் என்று பவுலே எழுதியிருக்கிறார்.

சபையில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். களைத்த தாய் ஒருத்தி "ஏலாமல் கிடக்கு" என்று சொன்னால், "நல்லா ஜெபியும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டாம். அவவுக்காக நீங்கள் ஜெபியுங்கோ. பிறகு ஒரு பெட்டி சோறும் கறியும் கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளையை ஒரு மணித்தியாலம் வாங்கி வைத்திருங்கோ. தூதன் செய்ததும் அவ்வளவுதான்.