ஏறாமல் பார்த்த மலை

“ஒரு தடவை பார்த்த இடத்தையே காசு செலவழித்து மறுபடியும் பார்ப்பார்களா?” என்றுதானே கேட்கிறீர்கள், சகோதரிகளே? சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில், 348 மீட்டர் உயரத்துக்குச் செக்கச்செவேலென்று நிற்கிறதே உலூரு, அந்தப் பாறைமீது 2009-ல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஏற வேண்டாமென்று அந்த மண்ணுக்குரிய அனங்கு மக்கள் அடிவாரத்தில் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படித்துவிட்டுத்தான் ஏறினேன். கொடுத்த காசு வீணாகலாமா!

இந்தத் தடவை மடியில் கனம் இன்னும் குறைவு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 450 கிலோ மீட்டர் பஸ். யுலாராவில் கூடார வாசம். ரொட்டியும் பழமும்தான் சாப்பாடு. 2019 அக்டோபர் 26 முதல் பாறையில் ஏறத் தடை. சங்கிலியையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏறியவர்களின் கால்கள் தேய்த்த வெளிறிய தடம் மட்டும் இன்னும் போகவில்லை. அதில் என் காலுக்கும் பங்கு உண்டே!

வனக்காவலர் இலவசமாக அழைத்துச் செல்லும் ‘மாலா’ நடையில் சேர்ந்துகொண்டேன். பிறகு பாறையைச் சுற்றி 10.6 கிலோ மீட்டர். குகைகளில் ஓவியங்கள், முட்டிஜுலு சுனையருகே குளிர்ந்த நிழல்! சில புனித இடங்களில் படம் எடுக்கக் கூடாது என்றார்கள். காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அன்று உச்சியில் நின்று பாலைவனத்தைப் பார்த்தேன், பாறையைப் பார்க்கவில்லை. பூட்டவில்லை என்பதற்காகப் பிறர் வீட்டுப் பூஜையறைக்குள் செருப்போடு நுழைவோமா? நான் நுழைந்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் இரண்டாம் தடவை போனேன் போலிருக்கிறது!