வளையல் விற்ற காட்சி எங்கே?

போன ஐப்பசியில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காளைப் பெருமுக்கலில் கொடுத்திருக்கிறது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், மலையும் மலைமேல் சிவன் கோயிலுமாக இருக்கும் ஊர். "மலை ஏறிப் பார்த்தீர்களா?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். மழை விட்டால்தானே ஏறுவதற்கு! மரக்காணத்து உப்பளங்களில் தண்ணீர் நின்று வேலை ஓய்ந்திருந்தது. அளத்து வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், அக்காள், அத்தான், அவர்கள் மகள், அக்காளின் மாமியார், நான், இத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் டெலிவிஷனுக்கு முன்னால் ஆஜராகிவிட்டோம்.

கறுப்பு வெள்ளைப் படம். பெயர் வேண்டாம், எந்தச் சேனல் என்பதும் வேண்டாம். அத்தைக்கு, அதாவது அக்காளின் மாமியாருக்கு, எழுபத்தைந்து வயது. தாவணி போட்ட நாளில் டெண்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படமாம். பாதிப் படம் ஓடியிருக்கும். திடீரென்று கேட்டார்:

"ஏண்டி, இவ வளையலை வித்துத் தம்பிக்குப் பரீட்சைப் பணம் கட்டுவாளே, அது எங்கே போச்சு?"

"அப்படி ஒரு சீனே இல்லை, ஆயா! நான் இந்தப் படத்தை டி.வி.யில மூணு தடவை பார்த்திருக்கேன். உனக்கு மறந்து போச்சு."

"எனக்கா மறந்து போச்சு? கொட்டகையே அழுதுதுடி!"

பேத்தி சிரித்தாள். அத்தை பதில் பேசவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வயதானவர்களுக்கு ஞாபகத்தைப் பற்றிச் சொன்னால் எப்படிச் சுடும் என்பது வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அரை மணி கழித்துப் படத்தில் தம்பி வந்து, "அக்கா, உன் வளையல் எங்கே?" என்று கேட்டான். கதாநாயகியின் கை மூளியாக இருந்தது. பேத்தி திரும்பி ஆயாவைப் பார்த்தாள்.

அத்தான் உடனே தீர்ப்பு வழங்கிவிட்டார்: "சென்ஸார்காரன் வெட்டியிருப்பான்."

பாவம், சென்ஸார்! அவர் செய்த பாவம் ஒருபுறமிருக்க, செய்யாததும் அவர் தலையில் விழுகிறது. படங்களுக்கு 1952-ஆம் வருஷத்துச் சினிமாட்டோகிராப் சட்டம்தான் ஆதாரம். அதன்படி வந்த தணிக்கை வாரியத்துக்கு 1983-ல் 'சான்றிதழ் வாரியம்' என்று பெயர் மாற்றினார்கள். நம் வாயில் மட்டும் இன்னும் மாறவில்லை. முன்பு 'யு', 'ஏ' என்று இரண்டே முத்திரை. 1983-ல் நடுவாந்தரமாக 'யு/ஏ' வந்தது. 2024-ஆம் ஆண்டு விதிகளில் அதையும் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள்.

வாரியம் எதை வெட்டினாலும் எழுத்தில் வெட்டும். எந்தக் காட்சி, எவ்வளவு நீளம் என்று குறிப்பு உண்டு. பழைய படங்களின் ஆரம்பத்தில் காட்டுகிற சான்றிதழைக் கூர்ந்து பாருங்கள். இடப்பக்கக் கீழ் மூலையில் ஒரு முக்கோணம் போட்டிருந்தால், அந்தப் படத்தில் கத்திரி பட்டிருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷமாக அதை யாரோ கை தவறி வரைந்தது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்! வாரியத்தின் முடிவு பிடிக்காவிட்டால் வழக்காடவும் இடமுண்டு. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்குக் கொடுத்த 'யு' சான்றிதழை சென்னை ஹைகோர்ட் ரத்து செய்ய, 1989-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் திருப்பிக் கொடுத்தது.

டெலிவிஷன் சமாசாரம் வேறு. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15-ல் ஆரம்பமானது. வெகுகாலம் அது ஒன்றுதான். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். 1990-களில் தனியார் சேனல்கள் வந்த பிறகுதான் தலைவலி. கொட்டகையில் 'ஏ' படம் என்றால் சிறுவர்களை வாசலிலேயே நிறுத்திவிடலாம். வீட்டுக் கூடத்தில் டிக்கெட் கிழிப்பவர் யார்? பம்பாயில் ஒரு கல்லூரிப் பேராசிரியை இதே கேள்வியோடு ஹைகோர்ட்டுக்குப் போனார். 'யு', 'யு/ஏ' அல்லாத படங்களை டெலிவிஷனில் காட்டக் கூடாதென்று 2005 டிசம்பரில் உத்தரவு வந்தது. 2006 ஆகஸ்டில் கேபிள் டெலிவிஷன் விதிகளையும் அதற்கு ஏற்றாற்போல் திருத்தினார்கள். அந்த அம்மாளின் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். எங்கள் அக்காளைப் போல ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு காவல் காக்க எல்லாத் தாய்மார்களாலும் முடியுமா?

அது முதல் 'ஏ' படக்காரர்கள் தாங்களே சில காட்சிகளைக் குறைத்துக்கொண்டு, டெலிவிஷனுக்கென்று வாரியத்திடம் இன்னொரு சான்றிதழ் வாங்க ஆரம்பித்தார்கள். 2023-ல் சட்டத்திலேயே அதற்கு வழி செய்துவிட்டார்கள். அதிலும் வேடிக்கைகள் உண்டு. சில்க் ஸ்மிதாவின் வாழ்க்கையைத் தழுவியது என்று பேசப்பட்ட 'தி டர்ட்டி பிக்சர்' என்ற இந்திப் படம் 59 வெட்டுகளுக்குப் பிறகு 'யு/ஏ' வாங்கியது. அதில் நடித்த வித்யா பாலனுக்கு அந்த வருஷம் தேசிய விருது. 2012 ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கடைசி நேரத்தில் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், இரவு 11 மணிக்கு மேல் காட்டுங்கள் என்றது. அன்றைக்குப் படமே வரவில்லை. 59 இடத்தில் வெட்டியும் பகலில் காட்ட முடியாதென்றால், அந்த 59 வெட்டுகள் எதற்கு?

நிற்க. இந்த விவகாரத்துக்கும் நம் கதாநாயகியின் வளையலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை! தம்பிக்காக அக்காள் வளையல் விற்பதில் எந்த வாரியமும் ஆபாசம் காணாது. அந்தக் காட்சியை விழுங்கியது கடிகாரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாதென்று விதி எழுதி வைத்தார்கள். அதில் 10 வியாபார விளம்பரம், 2 சேனலின் சொந்தப் பெருமை. மூன்று மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரத்துக்கு 36 நிமிஷம் போனால், படத்துக்கு மிச்சம் 144. பழைய படமோ இரண்டே முக்கால் மணி, அதாவது 165 நிமிஷம். கொட்டகையில் வினாடிக்கு 24 சட்டமாக ஓடும் பிலிமை நம் டெலிவிஷன் 25 சட்டமாக ஓட்டுவதால் ஆறு ஏழு நிமிஷம் மிச்சமாகும். (பாட்டின் சுருதியும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். பழைய பாட்டு டி.வி.யில் வேறு மாதிரி கேட்கிறதே என்று சந்தேகப்பட்ட சங்கீத ரசிகைகளின் காது பொல்லாத காதுதான்.) அப்படியும் 14 நிமிஷம் இடிக்கிறது. எதைத் தள்ளுவது? பாட்டில் கை வைத்தால் ரசிகர்கள் விடமாட்டார்கள். சண்டையை வெட்ட மனம் வராது. அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பெண் வளையலைக் கழற்றுகிற இரண்டு நிமிஷம் யாருக்கு வேண்டும்?

கொட்டகைக்குப் போகும் படமாக இருந்தால், சான்றிதழ் வாங்கிய பிறகு செய்யும் மாற்றத்தை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கூடத்துக்கு வந்த படத்தில் விட்டுப்போனதை நமக்கு யார் தெரிவிக்கிறார்கள்? வில்லன் சிகரெட்டைப் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை வாசகம் ஓடுகிறது. 2012 அக்டோபர் முதல் அப்படி ஒரு ஏற்பாடு. நல்லதுதான். அதே இடத்தில், 'நேரம் போதாமல் சில காட்சிகளை விட்டிருக்கிறோம்' என்று ஒரு வரி ஓடினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு சின்ன முக்கோணமாவது போடலாமே!

இதையெல்லாம் நான் அத்தானுக்கு விளக்கி முடிப்பதற்குள் படம் உச்சகட்டத்துக்கு வந்துவிட்டது. கோர்ட் சீன். நீதிபதி வாயைத் திறந்தார். வெளியே இடி இடித்தது, கரண்ட் போய்விட்டது.

அக்காள் சிம்னி விளக்கை ஏற்றி வைத்தாள். பேத்தி மெதுவாக நகர்ந்து ஆயாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆயா, வளையலை யாருகிட்ட வித்தா?"

"நீதான் அப்படி ஒரு சீனே இல்லைன்னியே!" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் பிகு பண்ணிக்கொண்டார். பிறகு, "ஒரு சேட்டு கடை. வாசல்ல தம்பியோட சட்டை நனைஞ்சுக்கிட்டு நிக்கும்..." என்று ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் எழுந்து போகவில்லை.