யார் வார்த்த புத்தர்?

புத்தர் படிமம் என்றவுடன் படித்த தமிழர்க்குக் காந்தாரமும் சாரநாத்தும் நினைவுக்கு வருகின்றன, நாகப்பட்டினம் வருவதில்லை. 1856 முதற்கொண்டு அந்நகர் மண்ணுக்கடியிலிருந்து ஏறத்தாழ 350 புத்தச் செப்புப் படிமங்கள் வெளிப்பட்டன. அவற்றுட் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன.

இதனை அறிந்தாருள்ளும் வேறொரு பிழை செய்வார் உளர். நாகையில் சூளாமணிப் பள்ளியை எடுப்பித்தவன் கடாரத்து அரையன். தன் 21ஆம் ஆட்சியாண்டில் அதற்கு ஆனைமங்கலத்து வருவாயை அளித்தவன் முதலாம் இராசராசன். இதனைக் கொண்டும், படிமங்களின் முடிமேல் எழும் தீச்சுடர் ஈழத்துப் படிமங்களிலும் காணப்படுவதைக் கொண்டும், இக்கலையே கடல்கடந்து வந்த சரக்கு என்பர். பொருள் ஈந்தவன் வேற்று நாட்டான் எனின், மெழுகு வனைந்த கையும் வேற்று நாட்டதோ?

விடை ஒரு படிமத்தின் அடிமேடையிலேயே இருக்கின்றது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த அந்நாகைப் புத்தர் இராக்கபெல்லர் இணையரின் தொகுப்பு வழியாக நியூயார்க்கு ஆசியக் கழகத்தைச் சேர்ந்துவிட்டார். அடிமேடை எழுத்தோ தமிழ். இராசேந்திரசோழப் பெரும்பள்ளியிலுள்ள அக்கசாலைப் பெரும்பள்ளியில், திருவிழாவுக்கு எழுந்தருளுவதற்கெனச் சிறுதவூர்க் குணாகர உடையார் அமைத்த திருமேனி அது என்கிறது. அக்கசாலையர் என்பார் பொற்கொல்லர். உலையும் துருத்தியுமாக வாழ்ந்த அத் தொழிலாளர் பெயராலேயே ஒரு பெரும்பள்ளி! பதினெண் நாட்டு அக்கசாலையர்க்கும் தலைவர் எனப் புத்தரை அவ்வெழுத்துப் போற்றுகிறது. ஆழ்வார் என்றும் அழைக்கிறது. மாலடியார்க்கே உரியதென இன்று எண்ணப்படும் சொல் அது!

வடிவமும் இதற்கே சான்று பகரும். மெழுகில் உருச்செய்து, மண்பூசிச் சுட்டு, மெழுகு ஒழுகிய வெற்றிடத்தில் செம்பை வார்த்த முறை ஆடவல்லானை வார்த்த அதே முறை. மெல்லாடை உடலோடு ஒட்டிப் படிந்திருக்கும் நயம் சோழர்காலக் கைத்திறனே. திருமேனி உலாப்போதல் தமிழ்க் கோயில் வழக்கன்றோ? சுடரை ஈழத்தோடு பகிர்ந்துகொண்டதில் இழுக்கொன்றும் இல்லை. கலம் செல்லும் வழியில் கலையும் செல்லும், திரும்பியும் வரும்.

நாகையில் எஞ்சி நின்ற செங்கற் கோபுரத்தை 1867இல் ஆங்கில அரசின் இசைவோடு ஏசு சபையார் இடித்தனர். தமிழர் பார்த்துக்கொண்டிருந்தனர். கோபுரம் இனி வாராது. சூளாமணிப் பள்ளியைப் பற்றி ஒரு வரி கூறும் பாடநூல்கள், அக்கசாலையரின் அடிமேடை எழுத்தையும் படமாக இட்டு மாணவர்க்குப் படித்துக் காட்டட்டும்.